ஷிஃபாவுக்கு நான் வைத்த சிவப்புப் பட்டன்

ஜூலை 8, திங்கள்

இன்றும் ஷிஃபாவை ஈரச் சீருடையோடுதான் கூட்டி வந்தேன். எட்டு வயதாகிறது என் மகளுக்கு. வாயால் பேச வராது, மற்றபடி எல்லாம் தெரியும். அவளுக்கென்றே பள்ளிக்கு ஒரு டேப், சிலேட்டு அளவுத் தொடுதிரை, வந்தது. படத்தைத் தொட்டால் அது பேசும். வந்த வேகத்தில் தண்ணீர் கேட்டாள், கழிப்பறை கேட்டாள், பக்கத்துப் பிள்ளையை வம்புக்குக்கூட இழுத்தாள். அப்புறம் ஹெச்.எம். தில்லையம்மாள் அதை வாங்கித் தன் பீரோவில் பூட்டிவிட்டார்.

கேட்டால், "ஒடைஞ்சி போச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? ஸ்டாக்குல ஏத்தின பொருளு."

டேப் உடையக்கூடாது. என் பெண் வகுப்பு நடுவில் நனைந்து நிற்கலாம். அப்படித்தானே?

ஜூலை 9

என் வீட்டுக்காரர் உஸ்மான் ஜரிகைக் கடை வேலை முடிந்து வந்ததும் அவரிடம் சொன்னேன். "விடு நௌஷீன். ஸ்கூல பகைச்சிக்கினா இவள வேற எங்க கொண்டு போய் சேக்கிறது?" என்கிறார்.

விடமாட்டேன். அந்தம்மாவை நாலு பேர் எதிரில் தலைகுனிய வைக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

ஜூலை 11

இன்றும் ஈரச் சீருடைதான். வேறென்ன எழுத?

ஜூலை 15, திங்கள்

அல்லாஹ் வழி காட்டிவிட்டான். வியாழக்கிழமை மாவட்டத்திலிருந்து அதிகாரி வருகிறாராம். இப்போது மட்டும் பீரோ திறக்கிறது! தில்லையம்மாளே கூப்பிட்டு டேப்பைக் கையில் கொடுத்தார். "வூட்ல வெச்சி பழக்கிக் குடும்மா. வணக்கம், நன்றி, அது ரெண்டும் அழகா சொன்னா போதும்."

பழக்குகிறேன். நன்றாகவே பழக்குகிறேன்.

புதிதாக ஒரு பட்டன் சேர்த்தேன். சிவப்பு நிறம். தொட்டால் சொல்லும்: "டேப்பை பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். நான் வகுப்பிலேயே ஈரமாகிறேன்." அதிகாரி எதிரில் அது பேசும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் — கண்குளிரப் பார்க்க வேண்டும்.

ஜூலை 16

சிவப்பைத் தொட்டால் பிஸ்கட். இவளோ என் கையைத் தட்டிவிட்டு மழைப் படத்தையே தொடுகிறாள். மழை, மழை என்று டேப் கத்துகிறது, இவள் சிரிக்கிறாள். "அத அப்புறம் தொடலாம்டி, இத தொடு" என்று விரலைப் பிடித்து அழுத்தினேன். சாயங்காலத்துக்குள் வழிக்கு வந்துவிட்டாள்.

ஜூலை 18, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அதிகாரி ஸுபத்ரா மேடம். அவர் எதிரில் நாற்காலியில் ஷிஃபா. ஒரு பக்கம் தில்லையம்மாள், மறுபக்கம் நான். ஷிஃபா விரலை வைத்தாள். "கழிப்பறை" என்றது டேப்.

"மேடத்துக்கு வணக்கம் சொல்லும்மா" என்றார் தில்லையம்மாள்.

மறுபடியும் "கழிப்பறை".

நான் குனிந்து அவள் காதில், "செவப்புடி, செவப்ப தொடு" என்றேன்.

கழிப்பறை. கழிப்பறை. எழுந்திருக்கப் பார்த்தாள். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். நான்தான்! இன்னொரு தோளில் அந்தம்மாவின் கை.

"கொழந்த கேக்குறது ரெண்டு பேர் காதுலயும் வுழலியா?" என்று மேடம்தான் எழுந்து வந்தார். அதற்குள் நாற்காலி நனைந்துவிட்டது.

ஜூலை 19

சிவப்புப் பட்டனை அழித்துவிட்டேன்.

ஜூலை 24, புதன்

டேப் எப்போதும் ஷிஃபாவிடமே இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. பட்டை போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறாள். தில்லையம்மாள் இன்று வாசலில் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். மன்னிக்கவும் இல்லை. ஆனால் அவரைத் திட்ட வாயெடுத்தால், ஷிஃபாவின் தோளில் இருந்த என் கையும் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது.

அப்படியும் புத்தி வரவில்லை. சாயங்காலம் அவளை மடியில் வைத்துக்கொண்டு நோண்டினேன். "ஹெச்.எம். இன்னிக்கி திட்டினாங்களா? மொறைச்சாங்களா? சொல்லுடி கண்ணு." ஏதாவது ஒன்று கிடைக்காதா என்றுதான்.

அவள் டேப்பைத் தன் பக்கம் இழுத்து, நிதானமாகத் தேடி, இரண்டு படங்களைத் தொட்டாள்.

"அம்மா. சும்மா இரு."

அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்காத பேச்சு.