கதவுகளைக் கழற்றி வைத்த நாள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில் தொடங்குகிறேன். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனசுதான் இருக்கிற இடத்தில் இல்லை. இதைக்கூட இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ முதல் வரியிலேயே ஐயோ அம்மா என்று கத்துவாய், நான் பயந்துபோய் மீதியை விழுங்கிவிடுவேன், உன் அப்பா வேறு பக்கத்தில் நின்று சொல்லாதே சொல்லாதே என்று கண்ணைக் காட்டுவார். அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன், நீ முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கத்து. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை மட்டும் முதலில் மனதில் போட்டுக்கொள்.

போன மாதம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது பின்பக்கக் குழாயடியில் பாம்பு ஒன்று நெளிந்து போனதை நீ எனக்கு முன்னால் பார்த்துவிட்டாய். தவழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு எப்படி அம்மா வருவேன் என்று கேட்டாய். டிக்கெட் எடுப்பதையும் நிறுத்தி வைத்துவிட்டாய். உன்மேல் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் உன் அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவே இல்லை. பேத்தி பிறந்ததிலிருந்து அவளைக் கண்ணாடித் திரையில்தான் பார்த்திருக்கிறார், ஒரு தடவைகூடக் கையில் வாங்கியதில்லை. மறுநாள் காலையிலேயே பாம்பா நானா பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பிவிட்டார். தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தர் பூண்டை நசுக்கிப் போடச் சொன்னார், இன்னொருத்தர் பினாயில் தெளிக்கச் சொன்னார். அப்பா இரண்டையும் செய்து வீட்டை ஆஸ்பத்திரி மாதிரி நாற அடித்தார். உன் சித்தப்பா தன் பங்குக்கு ஏதோ ஒரு மெஷினை வாங்கி அனுப்பி வைத்தார், மண்ணில் நட்டு வைத்தால் அது உறுமுமாம், அந்த அதிர்வில் பாம்பு ஊரை விட்டே ஓடிவிடுமாம். நட்டோம். அது உறுமிய உறுமலில் நான்தான் ஊரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. பாம்பு என்னவோ அதற்குப் பக்கத்திலேயே வெயில் காய்ந்துகொண்டிருந்ததை மாடி நர்ஸ் பார்த்துச் சொன்னாள்.

மாடி நர்ஸ் யார் என்று உனக்குத் தெரியாது, நீ போன பிறகு நம் மாடிக்குக் குடிவந்தவள். ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி, வீட்டுக்காரன் வெளியூரில் வேலை. அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பையன், கை கால் கன்னம் எல்லாம் உருண்டு திரண்டு இருப்பதால் நாங்கள் அவனை உருண்டை என்றுதான் கூப்பிடுவோம். அவள் வேலைக்குப் போகும்போது படியிறங்கி வந்து அவனை என் கையில் கொடுத்துவிட்டுப் போவாள், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வாள். நீ இல்லாத வீட்டில் அவன் சத்தம்தான் எனக்குத் துணை. பொறாமைப்படாதே, உன் மகளுக்கு என்று எடுத்து வைத்த மடியை நான் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வைத்தியமெல்லாம் வேலைக்கு ஆகாது, பாம்புக்கு ஒளிய இடமும் இருக்கக் கூடாது, உள்ளே நுழைய வழியும் இருக்கக் கூடாது என்று அப்பாவும் நானும் முடிவு செய்தோம். கொல்லை என் பொறுப்பு, வீடு அவர் பொறுப்பு. உன் அப்பாவைத்தான் தெரியுமே, பஸ் பட்டறையில் ஆயுசு முழுக்க ஜன்னலுக்கும் கதவுக்கும் ரப்பர் வைத்தவர். அவர் ரப்பர் வைத்த வண்டிக்குள் எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டு இறங்காது என்று இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். பஸ்ஸுக்குச் செய்ததை வீட்டுக்குச் செய்கிறேன் என்று இறங்கினார். தண்ணீர் போகிற ஓட்டைக்கெல்லாம் கம்பி வலை, ஜன்னலுக்கெல்லாம் வலை, ஒவ்வொரு கதவின் அடியிலும் தரையை உரசுகிற மாதிரி ரப்பர் பட்டை. கதவு நிற்கிறபோதே வைத்தால் வேலை சுத்தமாக வராது என்று வாசல் கதவு, கொல்லைக் கதவு, அறைக் கதவு எல்லாவற்றையும் கீலிலிருந்து கழற்றிக் கொண்டுபோய் முன்பக்கச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்தார், பட்டறையில் அப்படித்தான் செய்வார்களாம். அதே நாளில் நான் கூலிக்கு ஆள் வைத்துக் கொல்லையைச் சுத்தம் செய்தேன். புல்லை ஒட்ட வெட்டினோம், மூலையில் கிடந்த விறகுக் குவியலைப் பிரித்தோம், வீடு கட்டிய காலத்திலிருந்து கிடந்த செங்கல்லையும் உடைந்த ஓடுகளையும் வண்டியில் ஏற்றினோம், சுவரோரத்து எலிவளைகளை மண் போட்டு இடித்து மூடினோம். யார் வேலை முதலில் முடிகிறது என்று எங்களுக்குள் போட்டி வேறு. சாயங்காலம் கதவுகளை எல்லாம் திரும்ப மாட்டிவிட்டு, விளக்கை அணைத்து, வாசல் கதவுக்கு அடியில் வெளிச்சம் வருகிறதா பார் என்றார். ஒரு கீற்றுகூட இல்லை. எறும்பு வந்தால்கூட என்னிடம் சீட்டு வாங்கித்தான் வர வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த நாட்களில் வீடு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? உன் அறைப் பரணில் எலி ஓடுகிறது, தூங்க விடமாட்டேன் என்கிறது என்று எத்தனை தடவை உன்னிடம் புலம்பியிருப்பேன், அந்த எலிச் சத்தம் அப்படியே நின்றுபோனது. பார்த்தாயா என் வேலையை என்று உன் அப்பா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். எலி ஏன் நின்றது என்று எங்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்காவது தோன்ற வேண்டாமா?

உன் அறையில் குட்டிக்கு என்று உயரம் குறைந்த கட்டில் ஒன்று வாங்கிப் போட்டு, மெத்தையும் புதிதாகத் தைத்துப் போட்டிருந்தேன். மெத்தை குழந்தைக்குச் சரியாக இருக்குமா, முதுகில் உறுத்துமா, தெரிய வேண்டாமா? அதனால் உருண்டையை மத்தியானத் தூக்கத்துக்கு அதில் படுக்க வைத்துப் பார்த்தேன். நன்றாகத் தூங்கினான், அதற்கப்புறம் தினமும் அங்கேயே படுக்க வைத்தேன். உன்னுடைய பழைய நீலப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்து, குட்டிக்காகத் துவைத்து மடித்த பழைய மெத்தென்ற துணிகளை எல்லாம் அதில் அடுக்கியிருந்தேன். அதன் பூட்டுதான் கெட்டுப்போயிற்றே, மூடி சரியாக மூடாது, ஒரு பக்கம் வாயைத் திறந்துகொண்டேதான் இருக்கும். போன வாரம் ஒரு மத்தியானம் உருண்டை தூங்கிக்கொண்டிருந்தான், அவனுக்குப் போர்த்த ஒரு துணி எடுக்கலாம் என்று தரையில் உட்கார்ந்து பெட்டியை இழுத்தேன். வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. மூடியைத் தூக்கினேன். உன் பழைய மஞ்சள் போர்வைக்கும் வெள்ளைத் துண்டுக்கும் நடுவில் பாம்பு சுருண்டு கிடந்தது. என் மணிக்கட்டுத் தடிமன். தலை மட்டும் மெதுவாக உயர்ந்தது.

அப்போது நான் பாம்பைக்கூடப் பார்க்கவில்லையடி. உருண்டையின் கையைத்தான் பார்த்தேன். தூக்கத்தில் அவன் கை கட்டில் விளிம்பைத் தாண்டிப் பெட்டிக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் லேசாக விரிந்திருந்தன. இத்தனை நாளும் அப்படித்தான் தொங்கியிருக்கும், நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்திருப்பேன். பெட்டி மூடியை விட்டுவிட்டு, அந்தக் கையைப் பிடித்து மேலே தூக்கி, அவனை மெத்தை விரிப்போடு வாரிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். எப்படி நடந்தேன் என்று என்னைக் கேட்காதே. அவன் விழிக்கக்கூட இல்லை. அப்பா கதவு சாத்திய சத்தம் கேட்டு ஓடிவந்தார், என்ன என்ன என்கிறார், கதவைக் கையால் காட்டுகிறேன். கதவுக்கு அடியில் ஒரு நூல் நுழைய இடமில்லை, பாம்பு உள்ளேயே மாட்டிக்கொண்டது. அந்த ரப்பர் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

தீயணைப்புக்காரர்கள் வந்து நீளக் கொக்கி வைத்துப் பிடித்துப் பையில் போட்டார்கள். விஷப் பாம்புதான், கடித்திருந்தால் பெரியவர்களே தாங்குவது கஷ்டம் என்றார்கள். அதில் ஒருத்தர் வலையையும் ரப்பரையும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நெருக்கமாக அடைத்த வீட்டுக்குள் இது எப்படி வந்தது என்று உன் அப்பாவிடமே கேட்டார். அப்பா வாசல் நிலையைப் பார்த்தார், கொல்லைப் பக்கம் பார்த்தார், தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கொல்லையில் அதற்கு இருந்த இடத்தை எல்லாம் நான் ஒரே நாளில் பிடுங்கினேன், அதே நாளில் அவர் அத்தனை கதவையும் கழற்றி வைத்திருந்தார். இருட்டாகக் குளிர்ச்சியாக அதற்கு மிச்சம் இருந்த ஒரே இடம் நம் வீடுதான். வந்து படுத்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போக ஒரு வழியும் இல்லாமல் அடைத்து, வெளிச்சம் வருகிறதா என்று வேறு பார்த்தோம். குழாயடியில் இருந்ததை நாங்களே கட்டிலுக்கு அடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம், அதுவும் உன் மகளுக்குப் போட்ட கட்டில்.

அவர்கள் போன பிறகு அப்பா சொன்ன முதல் வார்த்தை, "புள்ளைக்குச் சொல்லாத, சொன்னா இந்த ஜென்மத்துல வரமாட்டா." இரண்டாவது வார்த்தை, நர்ஸுக்கும் சொல்ல வேண்டாம், குழந்தைக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே என்பது. எனக்கும் ஒரு நிமிஷம் அது சரி என்றுதான் பட்டது, பொய் சொல்வானேன். ஆனால் சாயங்காலம் அவள் யூனிஃபார்மோடு வந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றபோது, குழந்தையைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. உட்கார் என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். என் பேத்தி படுப்பதற்கு முன்னால் உன் பிள்ளையைப் படுக்க வைத்துப் பார்த்தேன் என்பதையும் சொன்னேன், அதைச் சொல்லும்போதுதான் நாக்கு கூசியது. பையனை விளக்குக்கு நேராகத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்து, ஒவ்வொரு விரலாக விரித்து, கால் விரல் இடுக்கு, காதுக்குப் பின்னால், முதுகு என்று ஆஸ்பத்திரியில் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அவன் கிச்சு கிச்சு மூட்டுகிறாள் என்று நினைத்துச் சிரித்தான். அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறிவிட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. வேலைக்கும் போகவில்லை போலிருக்கிறது, உருண்டை தடதடவென்று ஓடுகிற சத்தம் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் வீட்டைக் காலி செய்துவிடுவாள் என்றே நினைத்தேன். அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நாள் காலையில் படியில் சத்தம் கேட்டது. யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள், என் கையில் கொடுக்கவில்லை, நேராக உன் அறைக்குப் போனாள். முட்டி போட்டுக் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள், பீரோவுக்குப் பின்னால், கதவுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தாள். நான் வாசற்படியில் குற்றவாளி மாதிரி நின்றேன். பார்த்து முடித்து எழுந்து வந்து பையனை என் கையில் கொடுத்தாள். "நீங்க மறைச்சு, வேற யாராவது சொல்லிக் கேட்டிருந்தா இந்தப் படி இறங்கியிருக்க மாட்டேன்மா" என்றாள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். இப்போதும் தினமும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறாள். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

அன்றைக்குத்தான் உனக்கும் எழுதுவது என்று முடிவு செய்தேன். இப்போது நீலப் பெட்டி இல்லை, கட்டிலுக்கு அடியில் ஒரு துரும்பு கூட இல்லை, காற்றும் வெளிச்சமும் போய் வருகிறது. கொல்லையில் எதையும் குவித்து வைப்பதில்லை, எலிக்குத் தீனியாகிற எதையும் இரவில் வெளியே விடுவதில்லை, ஒழுகின குழாயையும் மாற்றியாயிற்று. உன் சித்தப்பாவின் மெஷினை அவருக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். அப்பா காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் டார்ச்சோடு தரையில் படுத்து ஒவ்வொரு அறையாகப் பார்க்கிறார், இடுப்பு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. இனிமேல் பாம்பே வராது என்று நான் சத்தியம் செய்து தர மாட்டேன், மண்ணும் புல்லும் இருக்கிற இடத்தில் அது வரும் போகும். வந்தால் மறைக்க மாட்டேன், அதை மட்டும்தான் சத்தியமாகச் சொல்ல முடியும். நீ வருவதும் வராததும் உன் இஷ்டம், இந்த வருஷம் வேண்டாம் என்று சொன்னாலும் உன்னிடம் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் இல்லை. நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து ஸ்டாம்பை மேசைமேல் வைத்தார்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும். குளிர்காலத்தில் குட்டிக்குக் காதை மூடிவிடு. அங்கே பாம்பு இல்லை என்றாலும் செருப்பை உதறிவிட்டுப் போட்டுப் பழகு, பழக்கம் நல்லது. எப்போது வந்தாலும், குழந்தையை என் கையில் கொடுப்பதற்கு முன்னால் நீயும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டே கொடு. டார்ச் வாசல் ஆணியில் தொங்குகிறது.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா