குறட்டைக் குழாய்

என் செல்லக் கம்ப்ரஸர் நைனாவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கக் கை வரவில்லை. நீ நலமாக இருந்திருந்தால் நான் கடிதமா எழுதிக்கொண்டிருப்பேன்? இங்கேயிருந்தே ஒரு சத்தம் போட்டிருப்பேன். நீயும் உள் அறையிலிருந்து "இன்னா மீனா" என்று திரும்பக் கத்தியிருப்பாய்.

இதை மற்றவர்களும் படிக்கக்கூடும். அதனால் உன் மானம் கொஞ்சம் போகும், பொறுத்துக்கொள். உன் குறட்டை கவரைப்பேட்டையில் நம் தெரு முழுக்க அறிந்த விஷயம். இனி தெரு தாண்டியும் அறியட்டும். கும்மிடிப்பூண்டி கம்பி மில்லில் ஷிப்டு முடித்து வந்து நீ படுத்தால், பகலோ ராத்திரியோ, வீட்டுச் சுவரே மூச்சு விடுவதுபோல இருக்கும். கம்ப்ரஸர் என்று நான் பெயர் வைத்தது அதனால்தான். முதலில் ஓர் இழுப்பு, நடுவில் ஒரு விசில், கடைசியில் குழாயில் தண்ணீர் வடிவதுபோல ஒரு களகள. கூட்ஸ் வண்டி போகும்போது மட்டும்தான் கேட்காது. வண்டி போனதும், விட்ட இடத்திலிருந்து தொடர்வாய்.

அந்தமான் பயணம் என்ன ஆயிற்று என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உன்னோடு வேலை செய்த ஒருவர் அங்கே போய்வந்து காட்டிய வீடியோவில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாயில் ஒரு குழாயைக் கவ்வி, குப்புற மிதந்தபடி அவர் மீன் பார்த்தார். அதை என்னிடம் காட்டி, "இதும் பேரு இன்னாவோ சொன்னான் மீனா, ஸ்நோர்... ஸ்நோர்க்கல்..." என்று திணறினாய். இப்படி ஒரு வாய்ப்பை நான் விடுவேனா?

"ஸ்நோர்னா குறட்டை நைனா. தண்ணியில படுத்துக்கினு குறட்டை வுடணும். யாரு சத்தமா வுடறாங்களோ அவங்ககிட்டதான் மீனு வரும். பரிசுகூட தராங்களாம்."

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். நம்பவில்லை என்று உன் மீசை சொன்னது. ஆனாலும் அன்று சாயங்காலமே ஆர்.கே.பேட்டைப் பெரியப்பாவுக்குப் போன் போட்டு, "அந்தமான்ல குறட்டை வுட்டா பரிசாம்ண்ணா, நம்ம ரெண்டு பேரும் போனா வேற எவனுக்கும் கெடைக்காது" என்று சீரியசாகச் சொல்லிவைத்தாய். நான் கிளப்பும் கதையை எடுத்து ஓட்டுவது உன் வேலை. அம்மா மட்டும் பாதி நம்பிவிட்டாள். "குறட்டை வுடறதுக்கு அந்தமான் போவணுமா? அதான் இங்கயே தெனம் நடக்குதே" என்றாள்.

நீ டிக்கெட் புக் பண்ணியதும், ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா நேரமெல்லாம் திட்டக் கூட்டம்தான். தட்டில் மூன்று இட்லி, சுற்றிலும் சாம்பார். சாம்பார்தான் கடல், இட்லிகள்தான் அந்தமான் தீவுகள். ஒரு இட்லி போர்ட் பிளேர், இன்னொன்று ஹேவ்லாக், மூன்றாவது நீல். உன் ஆள்காட்டி விரல்தான் கப்பல். "காத்தால இங்க ஏறிக்கினா, நாஷ்டா செரிக்கறதுக்குள்ள இங்க எறங்கிடலாம்" என்று விரலை ஓட்டுவாய். அடுத்த நொடியே உனக்குக் கவலை வந்துவிடும். "அத்தினி நாளு ஊட்டைப் பூட்டிக்கினு போறமே, பூட்டு தாங்குமா?"

"ஹேவ்லாக்னாலே இங்கிலீஷ்ல பூட்டு இருக்குன்னு அர்த்தம் நைனா. அங்க போயும் அதே கவலையா?"

நீ சிரித்துக்கொண்டே ஹேவ்லாக்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்வாய். "திங்கற தட்டுல இன்னா மேப்பு? ஆறிப்போவுது" என்று அம்மா அதட்டுவாள்.

கண்ணாடியும் குழாயும் மூன்று செட் வந்ததும், பின்பக்கத்து நீல டிரம்மில் தலையை விட்டு ஒத்திகை பார்த்தோமே. எனக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரவில்லை. உனக்கு மட்டும் மீசை வழியாகக் கண்ணாடி நிறைந்தது. நீ இருமிக்கொண்டே வெளியே வர, அம்மா முதுகில் தட்டிக்கொண்டே சிரித்தாள். வாஸ்லின் தடவினோம், சரிவரவில்லை. மீசையை எடு என்றேன்.

"மீசைய எடுத்தா மில்லு கேட்ல வாட்ச்மேன் என்னை உள்ள வுட மாட்டான்."

"அப்போ ஒண்ணு பண்ணலாம். மீசை உனக்கு, வாலு எனக்கு. ரெண்டையும் ஒட்டினா ஒரு கெளுத்தி மீனு. நாம மீனைத் தேடிப் போவ வேணாம், அதுங்களே சொந்தக்காரங்கன்னு வந்துடும்."

நீ என்னை வாலு என்று கூப்பிட்டதற்கு அன்றுதான் பழி தீர்த்தேன். கடைசியில், கிளம்புவதற்கு முந்தின நாள் மீசையை எடுப்பதாக ஒப்புக்கொண்டாய். அதற்கு அவசியமே வரவில்லை. மீசையோடே போய்விட்டாய்.

அந்தக் காலையைப் பற்றி நானும் அம்மாவும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன். பொங்கல் முடிந்திருந்தது. முந்தின நாள் செகண்ட் ஷிப்டு முடித்து வந்து நீ படுத்திருந்தாய். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா டீ ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்குத்தான் உங்க நைனா மனுசங்களைத் தூங்க வுட்டாரு. ராவெல்லாம் சத்தமே இல்ல. நல்லா தூங்கிட்டேன்டி."

"கம்ப்ரஸர் ரிப்பேரா இருக்கும்மா" என்றேன். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடுதான் அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உன்னை எழுப்பப் போனாள்.

தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர். வந்தவர்கள் எல்லாரும் அதையே சொல்லி ஆறுதல் தந்தார்கள். கொடுத்துவைத்த சாவு என்றார்கள். சத்தம் நின்றது, நான் நல்லா தூங்கினேன் என்ற ஒன்றுதான் அம்மாவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். எனக்குள்ளும் ஒரு கேள்வி ஓடுகிறது நைனா. அன்றைக்கு நீ எங்களைக் கூப்பிட்டாயா?

அதற்கப்புறம் அம்மா தூங்கவில்லை. படுப்பாள், கண் திறந்தே இருக்கும். நான் தூங்குகிறேன் என்று நினைத்து என் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்ப்பாள். மூச்சு படும்வரை விரலை எடுக்க மாட்டாள். நானும் தூங்குவதுபோல நடிப்பேன். இப்போது நான் செய்யும் ஒரே போக்கிரித்தனம் அதுதான். போன மாதம் அவள் வேலை செய்யும் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் லைனில் நின்றபடியே கண் சொருகி, சீல் போடும் மெஷினில் விரலைச் சுட்டுக்கொண்டாள். "ரெண்டு நாளு ஊட்ல நல்லா தூங்கிட்டு வாம்மா" என்று அனுப்பி வைத்தார்கள். தூக்கம் என்ன கடையிலா விற்கிறது?

இந்த நிலையில்தான் பெரியப்பா வந்தார். நாற்றங்காலுக்கு நேரமாகியும் வயலை விட்டுவிட்டு வந்திருந்தார். உன் போட்டோவுக்கு எதிரே உட்கார முடியாமல் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "வருசம் திரும்பறதுக்குள்ள மலை ஏறக் கூடாது, கடல் தாண்டக் கூடாதும்மா. தம்பி இல்லாம இன்னா சுத்துலா?" என்றார்.

"சரிங்க மாமா, வேணாம்னு சொல்லிடறேன்" என்றாள் அம்மா.

"நைனா ஆசைப்பட்டுதானே புக் பண்ணாரு" என்றேன்.

"ஆசைப்பட்டவரே போய்ட்டாரு. நாம மீனைப் பாத்து இன்னாடி பண்ணப் போறோம்? பேஜாரு பண்ணாத."

உன்னுடைய மற்றதெல்லாம் முடிந்துவிட்டது நைனா. சட்டையைக் கொடுத்தாயிற்று, உன் வண்டியைப் பெரியப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார். முடியாமல் இருந்தது இந்தப் பயணம் ஒன்றுதான். அதுவும் போனால் உன்னிடம் சொல்ல என்ன இருக்கும்?

போன ஞாயிறு மதியம், அந்த மூன்று செட்டையும் பரணில் போடச் சொன்னாள் அம்மா. ஒரு குழாயில் தூசி இருந்ததால் கழுவினேன். ஒரே ஒரு தடவை என்று நினைத்துக் கண்ணாடியை மாட்டி, குழாயைக் கடித்துக்கொண்டு, நீ வழக்கமாகப் படுக்கும் இடத்தில் சுவரோடு சாய்ந்து மூச்சு விட்டேன். கழுவிய தண்ணீர் கொஞ்சம் குழாயின் வளைவில் தேங்கியிருந்தது போல.

முதலில் ஓர் இழுப்பு. நடுவில் ஒரு விசில். கடைசியில் களகள.

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா சோப்புக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். சர்க்கரை டப்பாவில் உப்பு போட்டவள் நான், அவள் எப்படி நம்புவாள்? என் வாழ்க்கையில் விளையாட்டில்லாமல் செய்த ஒரு காரியம் அது. குழாயை எடுக்கப் போனேன்.

"எடுக்காத" என்றாள்.

அப்படியே வந்து என் காலடியில் படுத்தாள். ஈரக் கையால் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்தாதடி" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

நான் நிறுத்தவில்லை. தாடை வலித்தது, வாயெல்லாம் எச்சில். தண்ணீர் உள்ளே வராமல் இருக்கச் செய்த கண்ணாடி, அன்றைக்கு உள்ளே இருந்த தண்ணீரை வெளியே விடாமல் வைத்துக்கொண்டது. எதுவுமே தெரியவில்லை. கூட்ஸ் ஒன்று தடதடத்துப் போனது. அது போனபிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். எப்போதோ என் பாதத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. குனிந்து பார்த்தேன். அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள் நைனா. மெல்லிசாக அவளுக்கும் ஒரு குறட்டை வந்தது. இத்தனை வருடம் உன் சத்தத்தில் அது எங்கள் காதிலேயே விழவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்தாள். குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், "தண்ணிக்குள்ள மூஞ்சிய வச்சா இதே சத்தந்தான் கேக்குமா?" என்றாள்.

"இதே சத்தந்தாம்மா. உன் காதுக்குள்ளயே கேக்கும். வேற ஒண்ணும் கேக்காது."

மறுநாள் காலையில் என் தட்டில் மூன்று இட்லி வைத்தாள். நீ போனபிறகு சாம்பாரைக் கிண்ணத்தில் தனியாகத்தான் வைப்பாள். அன்றைக்குத் தட்டிலேயே, தீவுகளைச் சுற்றி ஊற்றினாள். "மொதல்ல எதுலடி எறங்கணும்?" என்றாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை. நான் போர்ட் பிளேரைத் தொட்டுக் காட்டினேன்.

பெரியப்பாவுக்கு அவளே போன் போட்டாள். "வருசம் திரும்பட்டும் மாமா. இவ பிளஸ் டூ பரீட்சை முடிஞ்சு போறோம். தேதியத்தான் மாத்தறோம், போறதை மாத்தல." அவர் என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். "கண்ணு, குறட்டை வுட்டா இன்னாவோ பரிசு தராங்கன்னு தம்பி சொல்லிக்கினு இருந்தான். அது நெசமா?" என்று கேட்டார்.

"நெசந்தான் பெரியப்பா" என்றேன்.

இன்னொரு சேதி. அந்தக் குழாயின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். ஜெர்மன்காரர்கள் வைத்த பெயராம். அவர்கள் பாஷையில் குறட்டைச் சொல்லுக்கு அது சொந்தமாம். உன்னிடம் விட்ட கதைகளில் பெரிய கதை என்று எதை நினைத்தேனோ, அது நிஜமாகிவிட்டது. நான் தோற்றுவிட்டேன் என்று நீ சிரிக்க வேண்டிய நேரம் இது. சிரிக்க நீ இல்லாதபோது எனக்கு எதற்கு இந்தக் கண்டுபிடிப்பு?

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ராத்திரியில் அம்மாவின் விரல் இன்னமும் என் மூக்குக்கு வருகிறது. ஞாயிறு மதியங்களில் நான் குழாயைக் கடித்தால் கொஞ்சம் தூங்குகிறாள், அவ்வளவுதான். மூன்றாவது செட்டை என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. உன் மீசை முடி ஒன்று அதில், வாஸ்லினோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதை மட்டும் நான் கழுவவில்லை. அதுவும் எங்களோடு கப்பல் ஏறும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அங்கே தண்ணீரில் அம்மாவின் கையை விடமாட்டேன். எவ்வளவு அழகான மீன் வந்தாலும் ஒரு காதை அவள் குழாயிலேயே வைத்திருப்பேன். அவள் சத்தம் நின்றால், அந்த நொடியே திரும்பிப் பார்ப்பேன் நைனா. சிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மீசை போன கெளுத்தியின் மிச்ச வால்,
உன் மகள் மீனா