மேழகத்து மலையில் ஒரு கணவாய்

1957 ஜனவரி 12, சனி. கோவிந்தாபுரம்.

கல்யாணமாகிப் பொள்ளாச்சிக்குப் போன தங்கை ஜைனபு இன்று வந்தாள். சின்ன வயதில் நாங்கள் இருவரும் உண்டாக்கிய கற்பனைக் கண்டம் மேழகம். அத்தா கடைத் துணி அட்டையில் வரைந்தது. கடலோரத்தில் உப்பர்கள், காட்டில் வாலர்கள், ஓரத்தில் கணவாயே இல்லாத மலை. வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அட்டையை விரித்ததும் மலை நடுவே பென்சிலால் ஒரு வழி கீறினாள்.

"இங்க ஒரு கணவாய் இருக்குதுக்கா."

"ஆரு சொன்னா?"

"அவங்கதான். மலைக்கு அந்தப் பக்கம் ஆருமே இல்லையான்னு கேட்டாங்க. காத்துச் சத்தத்தை வெச்சே வழி கண்டுபிடிக்கிற குருட்டுச் சனத்தைக் குடி வெச்சிருக்காங்க. நல்லா இருக்குதுல்ல?"

நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் வயிறு எரிகிறது. இத்தனை வருஷம் எனக்குத் தோன்றாதது நேற்று வந்த மாப்பிள்ளைக்குத் தோன்றிவிட்டது. என்னைக் கேட்காமல் அவரிடம் சொல்ல இவளுக்கு எப்படி மனசு வந்தது?

அவள் தூங்கியதும் மேழகத்தில் பூகம்பம் வரவழைத்தேன். கணவாயை மை போட்டு அடைத்தாயிற்று. அந்தச் சனம் அங்கேயே கிடக்கட்டும்.

மை காய்ந்துவிட்டது. திங்கட்கிழமை பஸ்ஸில் ஜைனபும் கணவாய்க்கு அந்தப் பக்கம்தான் போகிறாள்.