பானெட் எதற்கு

பிப்ரவரி 4, ஞாயிறு

பூசை முடிந்து ஃபாதரை மஞ்சக்குட்டை வரை காரில் கொண்டுபோய் விட்டேன். பனிமூட்டம். கண்ணாடி மங்கியதால் உள்ளே காற்றாடியைப் போட்டேன். கடகடவென்று சத்தம். ஃபாதர் வழியெல்லாம் தும்மினார். கைக்குட்டை இல்லாத பாதிரியாரை இன்றுதான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 5, திங்கள்

நல்ல வெயில். வழக்கம்போல் கார் பானெட்டின் மேல் மிளகு காயப்போட்டோம். தகடு நன்றாகச் சுடும், கோழி ஏறினால் வழுக்கி விழும். வேலைக்கு வரும் காளியாயிக்கு இந்த யோசனை தந்ததே நான்தான். கண்ணாடி வரைக்கும் பரப்பச் சொன்னேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை இதற்குச் சம்மதித்ததில்லை. காரணம் சொன்னாரா? இல்லை.

பிப்ரவரி 7, புதன்

சேலத்திலிருந்து ஜோஸ்வா வந்தான். காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் தும்மிக்கொண்டே இறங்கினான்.

"வண்டி முடிஞ்சுது மம்மி. என்னமோ உருளுது, என்னமோ நெடி அடிக்குது. சனிக்கிழமை ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றேன், எடுத்துக்குவாரு."

"பானெட்டைத் திறந்து பார்த்தாயா?"

"தொறந்தா எனக்கென்ன தெரியும்?"

பெற்ற பிள்ளை. இன்ஜினியர்.

கார் போனால் ஷேர் ஜீப்தான். "பாட்டி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பார்கள். இந்த எழுபத்தாறு வயது வரை நான் யாருக்கும் தள்ளி உட்கார்ந்ததில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

பானெட்டைத் திறப்பது எப்போதும் அவர் வேலை. இன்று நானே. சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிடி. இழுத்தேன் — பெட்ரோல் மூடி திறந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இன்னொன்று. பானெட் ஒரு விரல் எழும்பி நின்றுவிட்டது. வரச்சொல்லிவிட்டு வாசலிலேயே நிறுத்திவைப்பது என்ன மரியாதை?

காளியாயி குனிந்து பார்த்தாள். "உள்ளார ஒரு நாக்கு இருக்குதுங்கம்மா, தள்ளுங்க."

தள்ளினேன். திறந்தது. கண்ணாடிக்குக் கீழே, காருக்குள் காற்றுப் போகும் துவாரங்கள். கைவிட்டுத் துழாவினேன். மிளகு. பிடிப்பிடியாக மிளகு. காற்றாடி அதை அரைத்து எங்கள் முகத்தில் ஊதியிருக்கிறது.

"நல்லாக் காஞ்சிருக்குதுங்க," என்றாள் காளியாயி.

"சிரிக்காதே."

"சிரிக்கலீங்கம்மா. தும்மல் வருதுங்க."

மழையும் தூசியும் இன்ஜினில் படாமல் காக்கும் மூடிதான் பானெட். மூடி என்றால் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். நான் மேசை என்று நினைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

மெக்கானிக் சுப்பிரமணி காற்றாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏனுங்கம்மா, இத்தன மொளகு எப்புடீங்க உள்ள போச்சு?"

"எலி," என்றேன்.

இந்தப் பொய்யை அடுத்த புதன், தவக்காலம் தொடங்கி நெற்றியில் சாம்பல் பூசும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 10, சனி

வாங்க வந்தவர் காற்றாடியைப் போட்டு டவுன் வரை ஓட்டிப் பார்த்தார். சத்தமில்லை, தும்மலில்லை. "வண்டி நொம்ப நல்லாருக்குதுங்களே. ஏனுங்க விக்கறீங்க?"

நியாயமான கேள்வி. ஜோஸ்வாவைப் பார்த்தேன். அவன் காபி டம்ளருக்குள் பார்த்தான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பூசைக்கு நானே ஓட்டினேன். திரும்பும்போது ஃபாதர் இரண்டு கைக்குட்டையோடு ஏறினார். தேவைப்படவில்லை.

மதியம் ஜோஸ்வா தூங்கிவிட்டான். அவனுடைய புதுக் கார் வெயிலில் நின்றது. காளியாயி மிளகுக் கூடையோடு என்னைப் பார்த்தாள்.

"பானெட்டில் வேண்டாம்," என்றேன். "காரின் கூரை மேல் போடு."