வாசம் தெரியவில்லை

ஐப்பசி 9, ஞாயிறு

மகள் கேட்டாளென்று உருளைக்கிழங்கைத் தோலோடு நீளமாக நறுக்கி, மிளகாய்த்தூளும் பூண்டும் எண்ணெயும் சேர்த்துப் பிரட்டி ஓவனில் வைத்தேன். வீட்டுக்காரரிடம் அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். திரும்பி இறங்கும்போது படியிலேயே கருகல் வாசம். அவர் ஓவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கருகறது தெரியலீங்களா?"

"காய்ச்சல் வந்ததுல இருந்து எந்த வாசமும் தெரியல சாமி. ஓனர்கிட்டச் சொல்லிராத. வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

அவர் ஓட்டுவது கேஸ் டேங்கர். கசிந்தால் முதலில் வாசம்தான் காட்டிக்கொடுக்கும்.

விடியற்காலை லோடு ஏற்றக் கிளம்ப வேண்டுமென்று சீக்கிரமே படுத்துவிட்டார். அவர் கண்ணயர்ந்ததும் ஓனருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். வண்டிக்குப் போக இவர் எடுத்து வைத்த பை வாசலிலேயே இருக்கிறது. எழுந்தால் என்ன சொல்வேன்?