வாணிக்கு வேலை கிடைத்தது

வெள்ளிக்கிழமை, இரவு.

அம்மா கூலி வேலைக்குப் போன நாட்களிலெல்லாம் என் வீட்டிலேயே வளர்ந்த வாணியை, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலை கேட்டு அழைத்துப் போனேன். மேனேஜர் தயங்கினார். "இலங்கை அகதி முகாம் பொண்ணாச்சே சிஸ்டர். நாளைக்கு யாருனா கேட்டா இன்னா சொல்றது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு வயசுல அவங்கம்மா தூக்கிக்கினு வந்த புள்ளைங்க அது. யாருனா கேட்டா என்னாண்ட அனுப்புங்க" என்றேன்.

அவர் வாணியிடம் திரும்பினார். "எந்த ஊரும்மா நீ?"

இந்தக் கேள்விக்கு எப்போதும் தலைகுனிகிறவள் இன்று நிமிர்ந்து நின்றாள். "பொறந்தது யாழ்ப்பாணம் சார். வளந்தது, படிச்சது எல்லாம் கள்ளக்குறிச்சி. ரோடு இல்லாத கல்வராயன் மலை ஊருக்குப் பிரசவம் பாக்க அனுப்பினாலும் போவேன்."

மேனேஜர் சிரித்துவிட்டார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

வாசலில் காத்திருந்த அவள் அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

அவளுக்குக் குடியுரிமை எப்போது கிடைக்குமோ, அந்தக் கவலை அப்படியேதான் இருக்கிறது. இருக்கட்டும். திங்கட்கிழமை அவள் வார்டுக்குள் வரும்போது, நான் வளர்த்த பிள்ளை என்று எல்லோரிடமும் சொல்லப் போகிறேன்.