வெட்டாமல் விட்ட வானம்

என் அருமை மாப்பிள்ளைக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. உன் பெண்டாட்டி, என் தங்கச்சி செல்லம்மா, இன்னும் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. உன்னைக் கொண்டுபோனது காய்ச்சல். ஆனால் அவளை இப்படி ஆக்கியவன் நான்தான்.

உன் பெட்டியில் அந்த மரக்கட்டை கிடந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். அச்சுப் படத்துக்காக நீ செதுக்கிய செண்பகத்தோப்பு மலையடிவாரம், நாலு ஆடு, மரத்தடியில் தலைக்குக் கை வைத்துப் படுத்திருக்கும் ஆட்டுக்காரன். மலைக்கு மேலே மெல்லிசாகச் சில பென்சில் கோடுகள். அழுக்கு என்று நினைத்தேன். அச்செழுத்துக் கோக்கிற எனக்குப் படம் செதுக்குகிறவன் வேலை எங்கே புரிகிறது? உன் பதினாறாம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கலாமென்று, ஸ்ரீவில்லிபுத்தூர் அச்சுக்கூடத்தில் மை தடவி முப்பது தாள் அடித்தேன். பிறகு மண்ணெண்ணெய் விட்டுக் கட்டையைப் பளிச்சென்று துடைத்தும் வைத்தேன். அந்தச் சமர்த்துக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தாளில் வானம் முழுக்கக் கறுப்பு. அதன் கீழே படுத்திருந்தவன் தூங்குகிறவனாகவே தெரியவில்லை, மாப்பிள்ளை. ஆடுகள் துக்கம் கேட்க வந்தவை போலத் தலை குனிந்து நின்றன. ராஜபாளையத்தில் உன் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: சாவு உனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, அதைத்தான் செதுக்கி வைத்திருக்கிறாய் என்று. நானும் தலையாட்டினேன். செல்லம்மா தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

“அவியளுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஏன் சொல்லலை?”

மறுநாள் எங்கள் முதலாளி தாளைப் பார்த்தார். மேல்பாதியில் உளியே படவில்லையே, அவன் முடிக்காத வேலையை ஏன் அடித்தாய், வெட்டாத மரம் கறுப்பாகத்தானே விழும் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பென்சில் கோடுகள் நீ வெட்டக் குறித்து வைத்திருந்த வெயில். நீ செதுக்க நினைத்தது, உச்சிவெயிலில் மரத்தடியில் கண்ணயர்ந்த ஒருவனை.

ஓடிப்போய்ச் செல்லம்மாவிடம் சொன்னேன். கோடு எங்கே என்று கேட்டாள். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளைத் தேற்றக் கதை கட்டுகிறேனாம். இம்புட்டையும் மறைத்த மனுசனோடா ஆறு வருஷம் குடித்தனம் பண்ணினேன் என்று அம்மாவிடம் அழுதிருக்கிறாள்.

பொறுக்க மாட்டாமல் போன வெள்ளிக்கிழமை உன் உளியை எடுத்து ஒரு கோடு வெட்டினேன். தாளில் ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

“இது உன் கோடுண்ணே. அவிய கோடு இல்லை.”

உண்மையிலேயே உனக்குத் தெரிந்திருந்ததா, மாப்பிள்ளை? அந்தக் கோடுகளைப் பார்த்தவனும் நான்தான், துடைத்தவனும் நான்தான். இப்போது எனக்கே சந்தேகம் வருகிறது.

இனி அந்தக் கட்டையில் கை வைக்க மாட்டேன். அவள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், கேட்கிறபோதெல்லாம் அது வெயில் என்றே சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் வெயிலைத் துடைத்த
மச்சான்